இரண்டு கட்டம் தடித்த மீன்கொத்தி

துணியின் கட்டங்களை எண்ணி, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைப்பதுதான் கிராஸ் ஸ்டிட்ச். 2009 ஆகஸ்டில் தொடங்கி 2010 பிப்ரவரியில் கைவிட்ட கிராஸ் ஸ்டிட்ச் மீன்கொத்தியை 2024 ஜூன் மாதம் பீரோவின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன். அதில் முதல் புதுத் தையல் விழுந்தது ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில்தான். இடைப்பட்ட இரண்டு மாதங்களும் துவைப்பதிலும், எண்ணுவதிலும், பிரிப்பதிலும், அன்றைய நான் எதை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஊசியைக் குத்தினேன் என்று துப்புத் துலக்குவதிலும் போயின. பிறகு வந்த தையல் வேலையைவிட அந்த இரண்டு மாதத்துக் கதைதான் பாதியில் நின்ற வேலை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

வேலையின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். வயல் வரப்புகளிலும் மின்கம்பிகளிலும் நாம் பார்க்கும் வெண்தொண்டை மீன்கொத்திதான் படம். தலையும் வயிறும் சாக்லேட் பழுப்பு, தொண்டையும் மார்பும் வெள்ளை, முதுகும் இறக்கையும் வாலும் பளீரென்ற நீலம், அலகும் காலும் சிவப்பு. பட்டுப்போன கிளை ஒன்றில் உட்கார்ந்து வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அகலம் 126 கட்டம், உயரம் 168 கட்டம். பின்னணியை வெறும் துணியாகவே விட்டுவிடுவதால் மொத்தம் ஏறத்தாழ 12,000 தையல்கள். அவற்றில் 5,000க்குச் சற்று மேல் முடித்திருந்தேன். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று குறியீடுகளால் காட்டும் கட்டப்படம், அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் கொடுத்த கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். நான்கு தாள்களில் படமும் (மேல்பாதிக்கு இடமும் வலமுமாக முதல் இரண்டு, கீழ்ப்பாதிக்கு அப்படியே அடுத்த இரண்டு), ஐந்தாவது தாளில் 22 வண்ணங்களின் பட்டியலும் இருந்தன.

துணியும் நூலும் மதுரைப் புதுமண்டபத்தில் வாங்கியவை. அப்போது அந்தக் கடைகள் மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே இருந்தன. இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கட்டங்களை எண்ணித் தைப்பதற்கென்றே நெய்த ஐடா துணி கேட்டேன். அதைப் போலவே கட்டம் எண்ணித் தைக்கக்கூடிய மேட்டித் துணிதான் இருந்தது. ஆறு இழை கொண்ட 8 மீட்டர் ஆங்கர் நூல் கட்டுகளின் சீட்டில் ‘மதுரா கோட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், அந்தக் கம்பெனியின் முன்னோடியான மதுரை ஹார்வி மில்லின் சங்கொலி கேட்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அது உள்ளூர்ச் சரக்காகவே தோன்றும்.

பையைத் திறந்தபோது முதலில் வந்தது அந்துருண்டை வாசனை. அடுத்துக் கண்ணில் பட்டவை ஒன்றொன்றும் நான் செய்த தப்பு. துணியை, அதை விறைப்பாகப் பிடிக்கும் தையல் வளையத்திலிருந்து கழற்றாமலே வைத்திருந்தேன். மீன்கொத்தியின் முதுகின் குறுக்கே காப்பிக் கறை போல ஒரு வட்டம் விழுந்திருந்தது. வளையத்தின் திருகு துருப்பிடித்திருந்தது. ஊசியைத் துணியின் ஓரத்தில் குத்தியபடியே விட்டிருந்தேன். அதை இழுத்தபோது துருப்பொடியோடு துணியின் இரண்டு இழைகளும் கூடவே வந்தன. துரு வெறும் கறையாக நிற்பதில்லை, பருத்தியை அரித்து இற்றுப்போகவும் செய்கிறது. நல்லவேளையாக அந்த இடம் படத்துக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. சட்டத்தில் மடிந்து மறையப்போகும் பகுதி என்பதால் எலுமிச்சை, உப்பு என்று எந்த வைத்தியமும் பார்க்காமல் அப்படியே விட்டேன். எலுமிச்சை துருவை எடுக்கும் என்பது உண்மைதான். பக்கத்து நூலின் சாயத்தையும் சேர்த்து எடுத்தால் யார் பொறுப்பு?

தாள்களின் நிலைமை இன்னும் மோசம். வண்ணப் பட்டியலின் ஓரங்களை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. படத் தாள்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைகளில் போட்டிருந்தேன். ஜெராக்ஸ் மை வெயில் காலங்களில் இளகி உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தாளை உருவியதும் மூன்றாம் தாளின் குறியீடுகளில் பாதி உறையிலேயே தங்கிவிட்டன. உறையைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிந்ததை இரண்டு மாலைகள் உட்கார்ந்து கிராஃப் தாளில் மறுபடி வரைந்தேன். பழைய ஜெராக்ஸ் தாள் வைத்திருப்பவர்கள் இன்றே அவற்றை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தைத்து முடித்த பிறகு துவைப்பதுதான் வழக்கம். ஆனால் அழுக்கின் மேல் புதிய நூலைத் தைத்துப் பிறகு துவைத்தால் பழையதும் புதியதும் இரண்டு விதமாக வெளுக்கக்கூடும் என்பதால் முதலிலேயே துவைக்க முடிவு செய்தேன். அதற்கு முன்பு ஒவ்வொரு நிறத்தின் பின்பக்கத்திலும் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன். பழுப்பும் நீலமும் கறுப்பும் சும்மா இருந்தன. அலகின் சிவப்பு மட்டும் இளஞ்சிவப்பாக ஒற்றிக்கொண்டது. அந்த அலகுக்கு நேர் கீழேதான் வெள்ளைத் தொண்டை. அகலமான தொட்டியில் குளிர்ந்த நீர் பிடித்து, துணியை மடியவிடாமல் விரித்து அமிழ்த்தி, நீர் நிறம் மாறும்போதெல்லாம் கொட்டிவிட்டுப் புதுநீர் மாற்றினேன். ஐந்தாவது நீர் தெளிவாக நின்றது. அதற்குப் பிறகுதான் வெளுப்பான் கலவாத திரவச் சோப்பில் அரைமணி நேரம் வீதம் மூன்று முறை ஊறவைத்தேன். பிழியவில்லை, துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து நிழலில் பரப்பிக் காயவைத்தேன். வட்டக் கறை முழுதாகப் போகவில்லை. தேடிப் பார்த்தால் தெரியும் அளவுக்கு மங்கியது.

துணி காய்ந்ததும் பழைய தையலைப் படிக்கத் தொடங்கினேன். ஓரத்தில் ஒரே ஒரு தையலைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு இழையில் தைத்திருப்பது தெரிந்தது. தொடக்கத்தில் நூலுக்கு முடிச்சுப் போட்டிருந்தேன். இப்போது ஒற்றை இழையை இரண்டாக மடித்து, பின்பக்கக் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்து முடிச்சில்லாமல் தொடங்குகிறேன். பழைய முடிச்சுகள் 30க்கும் மேல் இருந்தன. சட்டமிட்டால் முன்பக்கம் புடைக்கக்கூடியவற்றை மட்டும் வெட்டி, நூல் முனையைப் பக்கத்துத் தையல்களுக்கு அடியில் செருகினேன்.

இந்த வாசிப்பில் நான் கோட்டைவிட்ட ஒன்று உண்டு. பெருக்கல் குறியின் இரண்டு சாய்வுகளில் எது மேலே கிடக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. 2009இல் மேற்சாய்வு இடமிருந்து வலமாக இறங்கியது. இன்றைய என் கைப்பழக்கம் அதற்கு நேர்மாறு. ஆகஸ்டில் வால் பகுதியில் 240 தையல்கள் போட்ட பிறகு, ஒரு நாள் காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது வாலின் பாதி பளபளத்தது, மறுபாதி மங்கலாகக் கிடந்தது. நூலின் எண்ணும் நிறமும் ஒன்றுதான். நூல் படுத்திருக்கும் திசை வேறு என்பதால் ஒளி வேறுவிதமாகத் தெறித்தது. 240ஐயும் பிரித்தேன். அன்றிலிருந்து வளையத்தின் மேல் பழைய திசையில் ஒரு சாய்கோட்டைப் பேனாவால் போட்டுவைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே தைத்தேன்.

இனி, நான் எதனால் கைவிட்டேன் என்ற கேள்வி. நினைவில் இருந்தது ஒன்றுதான்: மேலேயிருந்து இறங்கிய வெள்ளை மார்பும் கீழேயிருந்து ஏறிய வெள்ளை மார்பும் சந்திக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டம் விலகி நின்றன. அப்போது ஒரு வாரம் இரவெல்லாம் எண்ணினேன். எண்ணும்தோறும் சரியாகவே வந்தது, படமோ சேரவில்லை. கை தப்புச் செய்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டி மூட்டை கட்டிவிட்டேன்.

இந்த முறை துணி முழுவதும் 10 கட்டத்துக்கு ஒரு கோடு ஓட்டினேன். நீரில் அழியும் பேனாவைச் சிலர் பயன்படுத்துவார்கள். தவறி இஸ்திரிச் சூடு பட்டுவிட்டால் அந்த நீலம் நிலைத்துவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெல்லிய தூண்டில் நரம்பைத்தான் ஓட்டினேன். வழவழப்பான நரம்பை ஊசி குத்திக் கிழிக்காது; வேலை முடிந்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். மீன்கொத்திக்குத் தூண்டில் நரம்பு பொருத்தந்தான் என்று வீட்டில் கேலி வேறு.

கோடுகள் ஓடியதும் முதலாம் தாளையும் இரண்டாம் தாளையும் துணியோடு ஒப்பிட்டேன். கட்டப்படத்திலும் 10 கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு உண்டு. முதல் தாளில் 60ஆம் கட்டத்துத் தடித்த கோட்டுக்குப் பின் 3 கட்டங்கள் இருந்தன; 63ஓடு தாள் முடிகிறது. அப்படியானால் இரண்டாம் தாளில் 7 கட்டம் தாண்டியதும் அடுத்த தடித்த கோடு வர வேண்டும். என் தாளில் அது 9 கட்டம் தாண்டி வந்தது. மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. பத்துதானே வர வேண்டும்? இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நகர்த்திப் பார்த்தேன். முதல் தாளின் கடைசி இரண்டு வரிசைகளும் இரண்டாம் தாளின் முதல் இரண்டு வரிசைகளும் குறியீட்டுக்குக் குறியீடு ஒன்றாக இருந்தன.

பல தாள்களில் பிரித்து அச்சிடும் கட்டப்படங்களில், முந்தைய தாளின் கடைசி இரண்டு மூன்று வரிசைகளை அடுத்த தாளின் தொடக்கத்தில் மறுபடி காட்டுவார்கள். எங்கே தொடர வேண்டும் என்று அடையாளம் தெரிவதற்காகத்தான் அது, தைப்பதற்காக அல்ல. அதனால் அந்த வரிசைகளுக்கு மெல்லிய சாம்பல் நிறம் பூசியிருப்பார்கள். எங்கள் ஜெராக்ஸில் அந்தச் சாம்பல் நிறம் விழவேயில்லை. நான் அந்த இரண்டு வரிசைகளையும் இரண்டாம் முறையும் தைத்திருந்தேன். மூன்றாம், நான்காம் தாள்களுக்கு வந்தபோது வாலும் கிளையும் கண்ணுக்கு முன்னால் தொடர்ந்ததால், எண்ணாமல் உருவத்தைப் பார்த்தே பொருத்தியிருக்கிறேன். அங்கே இரட்டிப்பு நேரவில்லை. அதனால்தான் தலையும் மேல்மார்பும் இரண்டு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போக, கீழ்மார்பு சரியான இடத்தில் நின்றது. எண்ணிக்கையில் பிழையே இல்லை. 14 ஆண்டுகளாக என் கண்ணையும் கவனத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தது வீண்.

இனி எதைப் பிரிப்பது? விதிப்படி பார்த்தால் இரண்டாம் தாளில் போட்ட 1,100க்கும் மேற்பட்ட தையல்களைத்தான் பிரிக்க வேண்டும். நான்காம் தாளில் போட்டிருந்தவையோ 164 மட்டுமே. சரியாக இருப்பதைப் பிரித்து, தப்பாக இருப்பதற்கு ஏற்ப நகர்த்தினால் மீன்கொத்தி இரண்டு கட்டம் தடிக்கும், அவ்வளவுதான். மேலும், துணியை அளந்து பார்த்தபோது இன்னொரு செய்தியும் தெரிந்தது. என் மேட்டித் துணியில் நெடுக்கில் அங்குலத்துக்கு 14 கட்டம், குறுக்கில் 13 கட்டம். 9 அங்குலம் இருக்க வேண்டிய 126 கட்டம், துணியின் கோளாறால் ஏற்கெனவே 9.7 அங்குலமாகப் பரவியிருந்தது. துணியே பறவையை இத்தனை தடிக்கவைத்த பிறகு, என் பங்குக்குச் சேரும் 0.15 அங்குலத்தை எந்தப் பறவை ஆர்வலரும் அளந்து பார்க்கப்போவதில்லை. 164ஐப் பிரித்து இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்த்தித் தைத்தேன். இடையில் விழுந்த வெளியைக் கிளையை இரண்டு கட்டம் நீட்டி நிரப்பினேன். பட்ட கிளை எவ்வளவு நீளம் இருந்தால் என்ன?

பிரிக்கும்போது நூலை முன்பக்கமாக இழுக்கக் கூடாது. பின்பக்கத்தில் கூர்முனைக் கத்தரியால் நாலைந்து தையலுக்கு ஒருமுறை வெட்டி, ரோமம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்தேன். பழுப்பு நூலின் பிசிறு வெள்ளை மார்பில் ஒட்டி அழுக்கு போலத் தெரிந்தது. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்ததும் போயிற்று. விரிந்துபோன துளைகள் கடைசித் துவைப்பில் தாமாக மூடிக்கொண்டன.

அடுத்த கூத்து 433. தலைக்கான பழுப்பு தீர்ந்துகொண்டிருந்தது. பழைய நூல்களை அட்டையில் சுற்றிவைத்தபோது எண்ணை எழுதிவைக்கவில்லை. பூச்சி தின்ற பட்டியலில் அந்தக் குறியீட்டுக்கு நேரே 433 என்று மட்டும் மிஞ்சியிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, ஆங்கர் 433இல் மூன்று கட்டுகள் தபாலில் வரவழைத்தேன். பிரித்தால் கண்ணைப் பறிக்கும் நீலம்! கோபத்தோடு கடைக்காரரை அழைத்து, பழுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டேன். அவர் நிதானமாக, “நீங்க கேட்டது 433தானம்மா? சீட்டுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க” என்றார். சீட்டில் 433தான் இருந்தது.

கட்டப்படம் டி.எம்.சி. நூலுக்காக எழுதப்பட்டது. இன்றைய பிரான்சின் முலூஸ் நகரில் 1746இல் தொடங்கிய நிறுவனம் அது; வெளிநாட்டுக் கட்டப்படங்கள் பலவும் அதன் எண்களில்தான் வருகின்றன. ஆங்கரின் எண்வரிசை முற்றிலும் வேறு. டி.எம்.சி.யில் 310 என்றால் கறுப்பு. அதே கறுப்பு ஆங்கரில் 403. 2009இல் கடையிலிருந்த ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து, அச்சிட்ட டி.எம்.சி. எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கர் எண்ணைக் கையால் எழுதியிருக்கிறேன். டி.எம்.சி. 433 என்பது பழுப்பு. ஆங்கரில் அதற்கு நிகர் 358. ஆங்கர் 433 என்பதோ டி.எம்.சி. 996க்கு நிகரான நீலம். ஒரே தாளில் இரண்டு 433கள், ஒன்று அச்சில், ஒன்று என் கையெழுத்தில். பூச்சி தின்றது என் கையெழுத்தில் இருந்த 358ஐ. கடைக்காரரை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டு 358ஐ வாங்கினேன். அந்த நீலமும் வீணாகவில்லை. இறக்கையிலும் வாலிலும் மீதமிருந்த இடத்துக்கு அதே 433தான் வேண்டியிருந்தது.

புதிய 358 பழையதைவிட ஒரு சாயல் சிவந்திருந்தது. சாயமிடும் தொகுதிக்குத் தொகுதி இப்படி மாறும்; போதாததற்குப் பழையது துவைத்து வெளுத்தது. மிச்சமிருந்த ஒன்றரை மீட்டர் பழைய நூலை உடனே தீர்த்துவிடாமல், ஊசியில் பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றுமாகக் கோத்து, எல்லைக் கோட்டில் ஐந்து வரிசைகள் தைத்தேன். அதற்குப் பிறகு முழுவதும் புதியது. எல்லை எங்கே என்று எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு மட்டும் தெரிகிறது.

அதற்குப் பின் நடந்தது வெறும் தையல்தான். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை, நாளொன்றுக்கு 40, 50 தையல்கள். 24ஆம் எண் மொட்டை ஊசி. வெள்ளை மார்பைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே தைத்தேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் மேட்டியின் துளை தெரியாத நாட்களில் மடியில் கறுப்புத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால், துளைகள் புள்ளிக் கோலம் போலத் தெளிவாகத் தெரியும். ஒவ்வோர் இரவும் வளையத்தைக் கழற்றி வைத்தேன். ஊசி, காந்தம் ஒட்டிய டப்பாவில்.

நரம்பை உருவி, மீண்டும் குளிர்ந்த நீரில் அலசி, தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் பின்பக்கமாக இஸ்திரி போட்டேன். சட்டக்காரர் அட்டையில் பசை தடவி ஒட்டித் தருவதாகச் சொன்னார், சம்மதிக்கவில்லை. துணியை அட்டையின் பின்புறம் மடித்து, கட்டிலுக்கு நாடா பின்னுவது போல நூலால் இப்பக்கமும் அப்பக்கமும் இழுத்துக் கட்டிக் கொடுத்து, கண்ணாடி தையலைத் தொடாதபடி இடையில் மெல்லிய சட்டம் ஒன்று வைக்கச் சொன்னேன்.

முடிந்ததைப் படமெடுத்து, கட்டப்படம் கொடுத்த அக்காவுக்கு அனுப்பினேன். அவரும் அதே ஜெராக்ஸில்தான் தொடங்கியிருந்தார். பத்து நிமிடத்தில் அழைத்தார். “எனக்கும் அந்த மார்புகிட்டத்தான் இடிச்சுச்சும்மா. கண்ணு சரியில்லன்னு அன்னைக்கே மூட்டை கட்டிட்டேன்” என்றார். அவருடையது இன்னும் பரண் மேல் இருக்கிறதாம். மறுநாள் இரண்டாம் தாளின் முதல் இரண்டு வரிசைகளைப் பென்சிலால் சாம்பல் பூசி, வண்ணப் பட்டியலில் எண்ணுக்கு எண் கம்பெனிப் பெயரையும் சேர்த்தெழுதி, மிச்சமிருந்த நீலக் கட்டு ஒன்றையும் வைத்து அவருக்குத் தபாலில் அனுப்பினேன்.